தண்ணீர் கொண்டு வரும் காட்சி

பீரோவைத் திறந்ததும் அந்துருண்டை வாசம் முகத்தில் அடித்தது. நேற்று உன் முதலாண்டு நினைவு நாளுக்கு உடுத்திப்போன சேலையை உள்ளே வைக்கத்தான் திறந்தேன். வைக்கத் தோன்றவில்லை. கதவை அப்படியே விட்டுவிட்டுக் கட்டிலில் வந்து உட்கார்ந்துவிட்டேன். இந்த வாசத்துக்கு முன்னால்தானே நாம் இரண்டு பேரும் சம்மணம் போட்டுச் சினிமா பேசினோம்.

பதிவு செய்யும்போது வெறும் சுவரைப் பார்த்துப் பேசினால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் எதிரொலித்தது. சேலை அடுக்கிய பீரோவைத் திறந்துவைத்துப் பேசினால் எதிரொலி அடங்கிவிடும் என்று கண்டுபிடித்தவள் நீ. "ஏட்டி, உலகத்துல எவளும் சேலைகிட்ட இம்புட்டு கதை பேசியிருக்க மாட்டா" என்றாய். டெலிபோன் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்பதால் மைக், வயர், வெட்டி ஒட்டி ஏற்றுவது எல்லாம் என் பொறுப்பு. பேச்சு உன் பொறுப்பு. அந்தக் காலத்து டூரிங் டாக்கீஸில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே இடுப்பளவுக்கு ஒரு சுவர் இருக்குமே, அதை நினைத்து நம் பாட்காஸ்டுக்குப் 'பெண்கள் பக்கம்' என்று பெயர் வைத்தோம். ஒவ்வொரு முறையும் நீ ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பாய். "வணக்கம். நான் எப்போதும்வென்றான் ஊர்க்காரி. ஒரு தடவகூட ஜெயிச்சதில்ல."

அதைக் கேட்டு நான் சிரிக்காத நாள் இல்லை. இப்போது நினைத்தால் வாய் கசக்கிறது.

பழைய படங்களைப் பற்றி ஆண்கள் பேசினால் இயக்கம், ஒளிப்பதிவு, பின்னணி இசை என்று போவார்கள். நீ வேறு எங்கோ பார்ப்பாய். ஊரே கொண்டாடிய ஒரு அம்மா படத்தைப் பற்றி, "அஞ்சு பிள்ள பெத்தவ வீட்ல ஒரு பானகூட கரிப்பிடிக்கல. அடுப்பே எரியாத வீட்டுக்காரிக்கு எதுக்கு நான் அழணும்?" என்றாய். அந்த ஒரு வரிக்காகவே கயத்தாற்றிலிருந்தும் துபாயிலிருந்தும் பெண்கள் எழுதினார்கள். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாம். உனக்குக் கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி வீட்டில் வாழ்க்கை அமைந்தது. எனக்கு டெலிபோன் ஆபீஸ் அமைந்தது. அறுபது வயதுக்குப் பிறகு நம் பேச்சைக் கேட்கவும் ஆட்கள் இருக்கிறார்கள் என்பதை நம்பவே நமக்குக் கொஞ்ச நாளாயிற்று.

அப்போதுதான் அந்தப் படத்தைப் புதுப்பித்து மறுபடியும் வெளியிட்டார்கள். அதன் பெயரை எழுத எனக்கு விருப்பமில்லை. சந்தேகப்படும் கணவன் மனைவியைப் பகல் முழுக்க முற்றத்து வெயிலில் நிற்க வைக்கிறான். அவள் ஒரு வார்த்தை பேசாமல் நிற்கிறாள். சாயங்காலம் அவனே தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கிறான். அவள் குடித்துவிட்டு அழுகிறாள். நாம் இளவயதில் பார்த்தபோதும் அந்த இடத்தில் கைதட்டினார்கள். இப்போதும் பேப்பரைக் கிழித்துப் பறக்கவிட்டுக் கைதட்டினார்கள். சரி, இதைப் பேசுவோம் என்றாய்.

பீரோவுக்கு முன்னால் உட்கார்ந்து கொஞ்ச நேரம் வழக்கம்போலக் கேலி செய்துகொண்டிருந்தாய். பிறகு, குரல் மாறாமல், சேலைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்.

"இந்தப் படத்த நானும் இவளும் மேட்னி பாத்தோம். எனக்குக் கல்யாணமாயிச் சில வருசம் இருக்கும். வீட்ல சொல்லாமப் போனேன். மறுநாள் எங்க வீட்டுக்காரவிய, தீக்குச்சி காயப்போடுத களத்துல என்னய நிக்க வச்சாவ. காலையில இருந்து பொழுது சாயுத வரைக்கும். வேலைக்கு வந்த பொம்பளைக எல்லாம் தலையக் குனிஞ்சுக்கிட்டுக் குச்சிய அள்ளுனாளுக. எங்க வீட்டுக்காரவிய எனக்கு முந்தியே அந்தப் படத்தப் பாத்திருந்தாவ போல. தண்ணி கொண்டு வார எடத்த மட்டும் மறந்துட்டாவ."

நீ கொஞ்சம் நிறுத்தி, "ஒருத்தரும் தண்ணி கொண்டு வரல" என்று முடித்தாய்.

அந்த மேட்னிக்கு மறுவாரம் நீ முகமெல்லாம் கறுத்துப்போய் வந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. காய்ச்சல் என்றாய். நாற்பது வருடம் அது காய்ச்சலாகவே இருந்தது. ஒலிவாங்கியை நிறுத்திவிட்டு, "இத ஏத்தவா, வேண்டாமா?" என்று கேட்டேன். "ஏத்து. அந்தாளு போயாச்சு. நானும் எத்தன நாளைக்கு இருக்கப்போறேன்?" என்றாய். அன்றுதான் முதல் தடவையாக அவரை நீ அந்தாளு என்று சொல்லிக் கேட்டேன்.

அதற்கு முன்னால் நாம் பேசிய எதையும் நம் ஊர்க்காரர்கள் கேட்டதில்லை. இதைக் கேட்டார்கள். வாட்ஸ்அப்பில் சொந்தக்காரர் குழுக்களில் சுற்றியது. உன் மகன் உன்னையும் அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"சித்தி, அப்பா இப்ப இல்ல. இல்லாதவிய வந்து பதில் சொல்ல முடியுமா?"

"அவ பட்டதத்தானப்பா சொன்னா."

"அழிச்சிருங்க. அழிச்சா மட்டும் போதாது, எல்லாரும் கேட்டாச்சு. அம்மா இன்னொண்ணு பேசணும்."

"அவ பேச மாட்டா" என்றேன்.

"பேசுதேன்" என்றாய், அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து.

உன்மேல் எனக்கு அப்போது வந்த ஆத்திரத்தை இன்றைக்கும் எழுத்தில் வைக்க முடியவில்லை. அடுப்படிக்கு உன்னை இழுத்துக்கொண்டு போய், உனக்கென்ன பைத்தியமா என்று கேட்டேன். ஏற்கெனவே உனக்கு உடம்பு முடியாமல் ஆஸ்பத்திரிக்கு அலைந்துகொண்டிருந்த நேரம். "நான் அவன் வீட்ல படுத்துத்தானட்டி சாகணும்" என்றாய்.

அன்றைக்கே பீரோவைத் திறந்தோம். உன் மகன் இந்தக் கட்டிலில்தான் உட்கார்ந்திருந்தான். எப்போதும்வென்றான் என்று நீ ஆரம்பிக்கவில்லை. "போன தடவ சொன்னது சும்மா சுவாரசியத்துக்குச் சொன்ன கதை. எங்க வீட்டுக்காரவிய தங்கமான மனுசன். நான் வெயில்ல நின்னா அவியளே வந்து கொட பிடிப்பாவ" என்றாய். சொல்லிவிட்டுச் சிரித்தாய். உன் மகன் எழுந்து காரை எடுக்கப் போனான். நீ மைக்கைத் தள்ளி வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாய்.

"ஏட்டி, நல்லா நடிச்சனா?"

நான் வாய் திறப்பதற்குள் வாசலில் ஹாரன் அடித்தது. நீ போய்விட்டாய். அதற்குப் பிறகு உன்னைத் தனியாகப் பார்க்கவே விடவில்லை. போன் செய்தால் மருமகள் எடுத்து, "அத்த தூங்குதாவ" என்பாள். எந்த நேரம் கூப்பிட்டாலும் நீ தூங்கினாய். கடைசியில் கண்ணாடிப் பெட்டிக்குள்தான் பார்த்தேன்.

நேற்று மண்டபத்தில் உன் படத்துக்கும் உன் வீட்டுக்காரர் படத்துக்கும் ஒரே அளவில் மாலை. சாப்பாட்டுக்கு முன்னால் திரையில் உன் புகைப்படங்களை ஓடவிட்டார்கள். கூடவே உன் குரல். எந்தக் குரல் என்று உனக்குத் தெரியும். கொட பிடிப்பாவ என்று நீ சொல்லிச் சிரித்த இடத்தில் மண்டபமே சிரித்தது, பிறகு கண்ணைத் துடைத்தது. பக்கத்து நாற்காலியில் இருந்த உன் நாத்தனார், "எம்புட்டு அந்நியோன்யமா இருந்திருக்காவ, பாத்தீங்களா?" என்றாள்.

"இல்ல" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். நான் எழுந்து வாசலுக்கு வந்துவிட்டேன். உன் மகன் பின்னாலேயே வந்தான்.

"சாப்பிடாமப் போறீங்களே சித்தி."

"பசிக்கல."

"எம்மேல கோவம். தெரியும்."

இதற்கு மேல் அடக்க முடியவில்லை. "அன்னைக்கு நீ கார எடுக்கப் போனப்ப உங்கம்மா என்கிட்ட என்ன கேட்டா தெரியுமால? நல்லா நடிச்சனான்னு கேட்டா. அந்த நடிப்பத்தான் நீ இன்னைக்கு ஊருக்கெல்லாம் போட்டுக் காட்டுத."

அவன் அதிர்ந்துபோவான் என்று எதிர்பார்த்தேன். வருடம் முழுக்க அந்த முகத்தைப் பார்க்கத்தான் காத்திருந்தேன் என்றுகூடச் சொல்லலாம். அவன் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அது நடிப்புன்னு எனக்குத் தெரியும் சித்தி. அம்மாவ வெயில்ல நிக்க வச்ச அன்னைக்கு நானும் களத்துல இருந்தேன். சின்னப்பய. செம்புல தண்ணி மொண்டுக்கிட்டு அம்மாகிட்ட ஓடுனேன். அப்பா தட்டி விட்டுட்டாவ. அம்மா என்னய 'உள்ள போலே'ன்னு மட்டும் சொன்னா."

"பெறகு எதுக்குல அவள அப்படிப் பேச வச்ச?"

"அந்தக் களத்தத் தாண்டித்தான் நெதமும் ஆபீசுக்குள்ள போறேன். அப்பா நல்லவருன்னு நாலு பேரு சொல்லிக்கிட்டு இருந்தாத்தான் என்னால அங்கன நடக்க முடியுது." பிறகு என் பக்கம் திரும்பி, "ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க" என்றான்.

சாப்பிடவில்லை. ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்து, கணினியில் வைத்திருக்கும் அந்த அழித்த பேச்சைப் போட்டுக் கேட்டேன். பொதுவில் இருந்துதான் நீக்கினேனே தவிர என்னிடம் இருக்கிறது. "ஒருத்தரும் தண்ணி கொண்டு வரல" என்பதற்கு முன்னால் நீ சற்று நிறுத்துகிறாய். மூச்சு இழுக்கிற சத்தம் மட்டும் கேட்கிறது. அழுகையை அடக்குகிறாய் என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை. நீ சொல்லும் கதையில், பிள்ளையை அந்தக் களத்திலிருந்து அப்புறப்படுத்திக்கொண்டிருந்தாய். நம் பேச்சில் எதை வைப்பது, எதை வெட்டுவது என்று முடிவு செய்வது நான்தான் என்று இத்தனை நாளாக நம்பியிருந்தேன்.

அவன் தண்ணீர் கொண்டு வந்ததை என்னிடமாவது சொல்லியிருக்கலாம். அடுப்படியில் உன் கையைப் பிடித்து உலுக்கினேனே, அப்போதாவது சொல்லியிருக்கலாம். நீ போனபிறகு எனக்கென்று மிஞ்சியது உன் மகன் மேலிருந்த கோபம் ஒன்றுதான். அதைப் பத்திரமாக வைத்திருந்தேன். காலையில் எழுந்தால் அது இருக்கும். அதை வைத்துக்கொண்டு ஒரு வருடம் ஓட்டிவிட்டேன். நேற்றிலிருந்து, அவனை நினைத்து மனதுக்குள் திட்டத் தொடங்கும்போதெல்லாம், ஒரு சின்னப் பயல் செம்பைத் தூக்கிக்கொண்டு வெயிலில் ஓடிவந்து குறுக்கே நிற்கிறான். அவனை விலக்கவும் முடியவில்லை. பெரியவனை மன்னிக்கவும் முடியவில்லை.