நத்தையின் தடம்

அக்கா,

இன்று காலை துணி துவைக்கும் கல்லில் வெள்ளிக் கோடு ஒன்று காய்ந்து கிடந்தது. மழையில் நத்தை ஏறிப் போயிருக்கிறது. வாளியை வைத்துவிட்டு அது எங்கே போனது என்று தேடினேன். எதையும் சந்தேகமாகவே பார்க்கும் இந்தப் புத்தி உன்னிடம்தான் தொடங்கியது.

ஒன்பதாவதோடு படிப்பை விட்டுப் பட்டினத்து நண்டுக் கொட்டகைக்கு வந்தபோது எனக்கு யாரிடமும் பேச வராது. நீ சேற்று நண்டுகளின் கொடுக்குகளைக் கயிற்றால் கட்டுவாய். நான் அவற்றைச் சிமெண்டுத் தொட்டியில் அடுக்கி ஈரச் சாக்கால் மூடுவேன். கையோடு உன் வாயும் ஓடும்.

"முதலாளி மரவட்டைடி. அத்தன காலு இருந்தும் இன்னும் வாசப்படி தாண்டல."

இறாலைக் காட்டி, "இது பயந்தா வாலச் சுண்டிப் பின்னாலயே பாயும், எங்க வூட்டுக்காரர் மாதிரி" என்பாய். என்னைப் பார்த்து, "நீ நத்தை. தொட்டா உள்ள போயிடுற."

அந்த ஐப்பசியில் சில காலைகளில் நண்டுகள் குறைந்தன. கதவு பூட்டியபடியே இருந்தது. தொட்டிக்கும் கதவுக்கும் நடுவே ஈரத்தரையில் ஒரு தடமும் இல்லை. எல்லோரும் எல்லோரையும் பார்த்தோம். நான் உன்னைப் பார்த்தேன். வேலை முடிந்து மற்றவர்கள் போன பிறகு, நீ மட்டும் தொட்டிக்குள் கைவிட்டுச் சாக்கை இழுப்பதை இரண்டு முறை கண்டேன்.

வாயே திறக்காதவள் முதலாளியிடம் போய்ச் சொன்னேன்.

"நான் எடுக்கலங்க. சாக்கு நுனி உள்ள தொங்குச்சு, எடுத்து வெளிய போட்டேன்" என்றாய். அவர் நம்பவில்லை, வேலையை விட்டு நிறுத்திவிட்டார். பையை எடுத்துக்கொண்டு என்னைக் கடக்கும்போது மெதுவாகச் சொன்னாய்: "நத்தைக்கும் தடம் இருக்குடி."

நீ போன பிறகும் நண்டுகள் குறைந்தன, முன்பைவிட அதிகமாக. ஒருநாள் விடியும் முன்பே போய்ப் பார்த்தேன். கொடுக்குக் கட்டிய நண்டு ஒன்று, நான் உள்ளே தொங்கவிட்ட சாக்கு நுனியைப் பிடித்து ஏறிக்கொண்டிருந்தது. கொடுக்கைத்தானே கட்டுகிறோம், எட்டுக் கால்களும் சும்மாதானே இருக்கின்றன? தொட்டி விளிம்பைத் தாண்டிச் சுவரோரமாகவே பக்கவாட்டில் நடந்து, தண்ணீர் போகும் ஓட்டையில் நுழைந்தது. அதன் பின்னால் சேற்றில் புள்ளி புள்ளியாய்த் தடம். நாங்கள் கதவுப் பக்கமே தேடியிருந்தோம்.

முதலாளியிடம் அன்றே சொல்லிவிட்டேன். உன்னிடம் சொல்ல உன் ஊர் தருமபுரத்துக்கு வந்தபோது வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். மஞ்சள் காமாலை என்றார்கள். உன் வீட்டுக்காரர் என்னைப் பார்த்து, "நீதான் அந்த நத்தையா? உன்னயக் கேட்டுட்டே இருந்தா" என்றார்.

என்ன கேட்டாய் அக்கா? சொன்னது நான்தான் என்று தெரிந்தே கேட்டாயா? அவரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. இன்றும் சாக்கின் நுனியை வெளியே மடித்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புகிறேன். பாதி வழியில் திரும்பி வந்து, மடித்தேனா என்று மறுபடியும் பார்க்கிறேன்.