மூன்றாவது சான்றிதழ்

9 ஜூலை 1996, செவ்வாய்

வேலையில்லாதவர்களுக்கான அரசுப் பயிற்சித் திட்டத்தால் பலன் உண்டா என்று விசாரித்து எழுதுவதுதான் இந்த மாதம் முழுக்க என் வேலை. இன்று ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். அங்கே பயிற்சியில் இருப்பவர் முருகேசன், வயது நாற்பத்தொன்று. வேலை பார்த்த ஆலையை மூடிய பிறகு இது அவருக்கு மூன்றாவது பட்டறை. ஆறு மாதம் முடிந்ததும் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அந்த இடத்துக்கு அடுத்த ஆள் பயிற்சிக்கு வந்துவிடுகிறார்.

முதலாளி வெளியே போன சமயம் பார்த்துக் கேட்டேன்.

"பயிற்சியால வேலை கிடைச்சுதா சார்?"

"ஆமான்னு போட்டுக்கோ மேடம்."

"கிடைக்கலையே."

"கெடைக்கலன்னு நீ எழுதினா ஸ்கீமையே நிறுத்திடுவாங்க. அப்பால காலைல எழுந்து நான் எங்க போறது? அப்பா வேலைக்குப் போறாருன்னு என் பொண்ணு நெனச்சிகினு கீது."

நான் 'இல்லை' என்றுதான் எழுதினேன். படிவத்தில் அவர் கையெழுத்தும் வேண்டும். என்ன எழுதியிருக்கிறேன் என்று பார்க்காமலே, கிரீஸ் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, முழுப் பெயரையும் நிதானமாக எழுதிக் கொடுத்தார்.

"ரொம்ப தேங்க்ஸ் மேடம்" என்றார்.

மயிலாப்பூர் வந்து சேர்ந்து, குளித்து, சாப்பிட்டும் ஆயிற்று. அந்த நன்றி மட்டும் போகமாட்டேன் என்கிறது. நான் எழுதியதில் பொய் இல்லை. நாளை காலை அடையாறு ஆபீஸில் கொடுக்கும்வரை படிவம் என் பையில்தான் இருக்கும்; நினைத்தால் மாற்றி எழுதிவிடலாம். பேனாவை மூடி வைத்துவிடுவது நல்லது.