கணவாய்க்கு வந்த இரண்டாம் வாள்

வான் பொழிக, நிலம் விளைக. முகில்வரை நாட்டின் இரு குன்றுகளுக்கு இடையே செங்கணவாயைக் காத்து நிற்பவளும், மறைந்த மன்னர் ஆதனாரின் தேவியுமாகிய அரசி சாத்தி நங்கை, மூன்று துறையிலும் கலம் நிறுத்தி ஆளும் நெய்தலங்கரை வேந்தரும் எம் இளவலுமாகிய கண்டன் சேந்தனாருக்கு விடுக்கும் ஓலை. உம் கொடி நிமிர்க. உம் துறைகளில் அலை அடங்குக. உம் மக்கள் நோயின்றி வாழ்க.

உம் தூதர் வெண்காடனார் நலமே வந்து சேர்ந்தார். மலையேறி மூச்சு வாங்கினாரேயன்றி வேறு குறையில்லை. அவர் கொணர்ந்த பொற்பிடி வாளையும் வாய்மொழியாக உரைத்த செய்தியையும் பெற்றோம். தென்களத்து மன்னன் எயினன், தன் மகனுக்கு முடிசூட்டுமுன் வடகோயிலை வழிபட எம் கணவாய் வழியே வருகிறான் என்பதும், குன்றின்மேல் ஆட்களை நிறுத்திப் பாறைகளை உருட்டினால் அவன் கதை முடியும் என்பதும், பிறகு கால் தவறி விழுந்தான் என்று உலகுக்கு அறிவித்துவிடலாம் என்பதும் உம் யோசனை என்றார்.

கால் தவறி விழுந்தார் என்ற சொல்லை நாம் முன்னமே கேட்டிருக்கிறோம். நட்புப் பேச விருந்துக்கு அழைத்து, வேட்டைக்குக் கூட்டிச் சென்று, எம் நாயகரைப் பல்லக்கில் சடலமாகத் திருப்பி அனுப்பியபோது எயினன் அதையே எழுதினான். உடலைக் கழுவுகையில் முதுகில் அம்பு பட்ட புண்ணைக் கண்டது நான் ஒருத்தி. காட்டில் உடன் நின்றவர் எவரும் வாய் திறக்கவில்லை. சாட்சியற்ற வழக்கில் எம் நாட்டார் செய்யும் முறைப்படியே, நாயகரின் வாளை மலைமேல் உறையும் ஈசன் திருவடியில் வைத்து, இவ்வழக்கு இனி உம்முடையது என்று சொல்லி வெறுங்கையோடு இறங்கினோம். அங்கே வாள் வைத்த கை அதைத் திரும்ப எடுப்பதில்லை.

இம்முறையை அறிந்தே நீர் வேறொரு வாளை அனுப்பியிருக்கிறீர். வைத்த வாளைத்தானே தொடலாகாது, புது வாளுக்குத் தடை ஏது என்று தூதர் மிகப் பணிவாக விளக்கினார். நெடுநாளுக்குப் பின் எமக்குச் சிரிப்பு வந்தது. மாங்காய் தின்னலாகாது என்று தாயார் தடுத்தபோது, அதை உப்பில் புரட்டி, இது ஊறுகாய் என்று சாதித்தவர் அல்லவா நீர். அந்த வாதத்திறமை இன்னும் குறையவில்லை.

ஆயினும் உம்மிடம் ஒளிக்கமாட்டோம். எயினன் நன்றாகவே வாழ்கிறான். எம் மலையில் தினை கருகிய ஆண்டிலும் அவன் ஏரிகள் நிரம்பி வழிந்தன. அவனை அறத்தின் தூண் என்று பாடுகிறார்கள். எம் சந்தையிலேயே அப்பாட்டைப் பாடிக் காசும் வாங்குகிறார்கள். அவனுக்குப் பேரன் பிறந்த செய்தி வந்த அன்று நாம் மலையேறி ஈசனிடம் சண்டை பிடித்தோம். கண் மூன்றிருந்தும் இது உமக்குத் தெரியவில்லையா என்று கேட்டோம். அர்ச்சகர் திருநீறு கொடுத்தார், வாங்கிக்கொண்டு இறங்கினோம்.

தூதர் வந்த மறுநாளும் ஏறினேன். குன்றின் விளிம்பில் நின்றால் கணவாய் வழி கீழே கோடாகத் தெரியும். அங்கிருந்த பாறை ஒன்றில் கை வைத்துப் பார்த்தேன், தள்ளினால் போகும். தள்ள எனக்கு ஆசையும் இருந்தது, அதை நீர் அறிய வேண்டும். ஆனால் அவன் பல்லக்கைச் சுமப்பவருக்கும் மனைவியர் உண்டு. அவர்களில் ஒருத்தி நாளை தன் வழக்கோடு அதே மலை ஏறினால், அதே திருவடியில் என் பெயரைச் சொல்வாள். ஈசன் அவளையும் கேட்பார். அவர் கேட்பார் என்பதில் எனக்கு ஐயம் இருந்திருந்தால் அந்தப் பாறை இந்நேரம் உருண்டிருக்கும். தீர்ப்பு எப்போது வரும் என்று அறியேன். நான் இருக்கும்போது வராமலும் போகலாம். ஒப்படைத்தது ஒப்படைத்ததுதான்.

ஆகவே எயினன் கணவாயைக் கடக்கும்வரை காவலும் குடிநீரும் அளிக்குமாறு எம் வீரர்க்கு ஆணையிட்டோம். அவன் முகத்தில் விழிக்க எம்மால் ஆகாது. அன்று அரண்மனைக் கதவு சார்த்தியிருக்கும். உம் பொற்பிடி வாளையும் ஈசன் திருவடியிலேயே வைத்துவிட்டோம். இனி அதுவும் எமக்கு ஆகாது. மூன்றாவது அனுப்பி வீண்செலவு செய்யாதிரும்.

இன்னொன்று. நாயகர் மறைந்தபின் நீர் பட்டு அனுப்பினீர், மருத்துவரை அனுப்பினீர், இப்போது வாள் அனுப்பினீர். நீர் வரவில்லை. நாள்தோறும் பணிப்பெண்கள் பரிமாறி விலகியபின் நான் ஒருத்தியே இலைமுன் அமர்கிறேன். அரசி உண்ணும்போது உடன் அமர இந்நாட்டில் எவருக்கும் உரிமையில்லை, உடன்பிறந்தவனுக்கு உண்டு. ஓலைதோறும் நாம் நாம் என்று எழுதுகிறேன். எழுதி முடித்து நிமிர்ந்தால் அறையில் நான் மட்டும். எயினனை ஈசன் பார்த்துக்கொள்வார். இந்தத் தனிமையை அவரிடம் ஒப்படைக்க எனக்கு முறை தெரியவில்லை.

இதுவரை எழுதியது வேந்தருக்கு அரசி விடுத்தது. இனி வருவது தம்பிக்கு அக்காள் இடும் கட்டளை. எயினன் கணவாயைக் கடக்கும் நாளில், படையின்றி வாளின்றி, நீர் சார்த்திய கதவுக்கு உள்ளே என்னோடு இருக்க வேண்டும். அன்று இருவருக்கு உலை வைக்கச் சொல்லியிருக்கிறேன். உப்பில் புரட்டிய மாங்காயும் உண்டு. அதை ஊறுகாய் என்று நீர் சொன்னால் இம்முறை மறுக்கமாட்டேன்.

இரு குன்று பொறித்த அரக்கு முத்திரை எம் கையால் இட்டது. ஓலை கண்டதும் புறப்படுக.