அக்கா சொன்னதும் நான் சொன்னதும்

மார்ச் 3

பத்தாம் தேதி பக்கத்து நாட்டு முதலீட்டாளர்கள் சோலார் பார்க்கைப் பார்க்க வருகிறார்கள். அவர்கள் மொழி இந்த ஆபீசில் எனக்கு மட்டும்தான் தெரியும். அதனால் மேனேஜர் திடீரென்று என்னை 'நீங்க' என்கிறார். "இந்தப் பார்க்கால நல்லா வாழற குடும்பம் ஒண்ணு காட்டணுமாம். தேடிப் பிடிங்க" என்றார். தயாராகும் கரன்ட் மொத்தமும் எல்லை தாண்டி அவர்களுக்குத்தான் போகிறது. அப்படி ஒரு குடும்பத்துக்கு நான் எங்கே போவேன்?

மார்ச் 5

அக்கா வீட்டைச் சொல்லிவிட்டேன். பார்க்குக்கு நிலம் கொடுத்தவள். போட்டோவுக்கும் லட்சணமாக இருப்பாள். அத்தானுக்கு ராத்திரி பகலாக ஆக்சிஜன் மெஷின் ஓடவேண்டும், அந்தத் தெருவிலோ பாதி நாள் கரன்ட் கிடையாது. நிலம் வாங்கும்போது தனி கரன்ட் லைன் தருவதாகச் சொன்னதோடு சரி; இப்போது வருகிறவர்களுக்குக் காட்ட இழுக்கிறார்கள். "இப்பவாவது இழுக்கறாங்களே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எத்தனை நாளைக்கு என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மார்ச் 9

லைன் வந்துவிட்டது. அத்தான் எழுந்து உட்கார்ந்து சாப்பிட்டாராம்.

மார்ச் 10

"சந்தோஷமா இருக்கோம்" என்று ஒரு வரி. அவ்வளவுதான் அவள் சொல்லவேண்டியது. மகராசி, சொன்னால்தானே! வந்தவர்களில் பெரியவர் நலம் விசாரித்ததும் பிடித்துக்கொண்டாள். "ஐயா, இந்த லைன் நேத்துதான் வந்துச்சு. நீங்க போனதும் பிடுங்கிடுவாங்கன்னு பேசிக்கறாங்க. என் வீட்டுக்காரர் மூச்சே இதுலதான் ஓடுது. பிடுங்கக்கூடாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்கய்யா."

எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். மேனேஜரும்.

நான் அவர்கள் மொழியில் சொன்னேன்: "இந்த வெளிச்சத்துக்கு நன்றி சொல்கிறார். இரண்டு நாடும் ஒரே குடும்பம் என்கிறார்."

கைதட்டினார்கள். பெரியவர் அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவள் அழுதுகொண்டே என்னைக் கட்டிக்கொண்டாள். "ஒத்துக்கிட்டாங்கடி!"

வேறென்ன சொல்லியிருக்க முடியும்? வேலை போனால் அக்காவா சோறு போடுவாள்?

மார்ச் 12

லைனைக் கழற்றிவிட்டார்கள்.

அக்கா போன் செய்தாள். "அந்தப் பெரியவருக்குத் தெரியாமத்தான் பண்றாங்க. நீ அவர் காதுல போட்டுடு." மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கியிருக்கிறாள். அந்தக் குதிரை நான்தான் — அவளுக்கு அது தெரியாது. எரிச்சலாக வருகிறது. அவள்மேல்தான். ஒரு வரி சொல்லிட்டு வாயை மூடிட்டு இருந்திருக்கலாம்ல?

மார்ச் 24

ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. பெரியவர் தன் ஆபீசுக்கு என்னையே கேட்டாராம். இரண்டு மடங்கு சம்பளம், தங்குவதற்கு வீடு. அக்காவிடம் சொல்லப் பயந்தேன். அவளுக்கோ தலைகால் புரியவில்லை. "அங்கயே போறியா? நல்லதாப் போச்சு. நேர்லயே சொல்லிடலாம்!"

ஏப்ரல் 8

இங்கே ஆளில்லாத அறையில்கூட விளக்கு எரிகிறது. பெரியவரைத் தினமும் பார்க்கிறேன். நல்லவர், கேட்டால் செய்வார். ஆனால் அன்று உன் அக்கா இதைச் சொல்லவே இல்லையே என்பாரே — அதற்கு என்ன சொல்வது?

நாளைக்குச் சொல்லலாம்.

ஏப்ரல் 21

அத்தான் போய்விட்டார். மத்தியானம், கரன்ட் இல்லாத நேரம். லீவு கேட்டேன். ரிவ்யூ மீட்டிங் முடியட்டும் என்றார்கள். நானும் வற்புறுத்தவில்லை.

சாயங்காலம் அக்கா பேசினாள்.

"அந்தப் பெரியவர்கிட்ட சொன்னியாடி?"

"சொன்னேன்க்கா."

"என்ன சொன்னாரு?"

"ரொம்ப வருத்தப்பட்டாரு."

கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

"நல்ல மனுஷன். அவர் என்ன பண்ணுவாரு, பாவம். அவர்மேல எங்களுக்கு ஒரு மனவருத்தமும் இல்லன்னு சொல்லிடு, என்ன?"

"சொல்றேன்க்கா" என்றேன்.