மூணாங்கட்டு என்று பெயர் வைத்தோமே

என்றும் என் அன்புக்குரிய அண்ணிக்கு,

நீங்கள் போய் ஒரு வருஷமும் சில நாட்களும் ஆகின்றன. அண்ணன் சுகம்தான். ரசத்தில் உப்பு போதவில்லை என்று இப்போது என்னோடு சண்டை போடுகிறார். உங்கள் எஸ்.எஸ்.எல்.சி. வகுப்பைப் பள்ளிக்கூடத்தில் எனக்கே கொடுத்துவிட்டார்கள். கணக்குப் பாடத்தோடு உங்கள் மூன்று கட்டுகளும் என் தலையில்தான்.

திணறுகிற பெண்களைப் பெயிலாக்கிப் பட்டு நூல் சுற்ற அனுப்பிவிடாமல் இருக்க நீங்கள் போட்ட ஏற்பாடல்லவா அது? வகுப்பில் எல்லாருக்கும் நடத்துவது முதல் கட்டு. அதில் தேறாதவர்களை ஐந்தாறு பேராகச் சேர்த்துச் சாயங்காலம் நடத்துவது இரண்டாங்கட்டு. அப்படியும் புரியாதவளுக்குக் காலையில் பின்னறையில் ஒரு டீச்சர், ஒரே பெண். அது மூணாங்கட்டு.

"வாசலோட பேசி அனுப்பினா ஊரார், கூடத்துல உக்காந்தா விருந்தாளி. மூணாங்கட்டு வரைக்கும் வர்றவங்கதான் நம்ம மனுஷங்க, மங்கை" என்று சொல்லி, நம் வீட்டின் மூன்று கட்டுகளை வைத்தே பெயர் வைத்தீர்கள். பின்னறை வாசலில் உங்கள் கையெழுத்திலேயே போர்டும் மாட்டினோம்.

தென்னேரி எஸ்தர் ஞாபகம் இருக்கிறதா? பின்னம் என்றாலே கண் கலங்கி, மூணாங்கட்டுக்கு வந்தாளே, அவள்தான். இந்த வருஷம் அல்ஜீப்ராவில் கேள்வி கேட்டு என்னையே மடக்கினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு ஒரு நாள் வகுப்பில் எவளோ "ஏய், மூணாங்கட்டு!" என்று அவளைக் கூப்பிட, எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். மறுநாளிலிருந்து அவள் வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறித் தென்னேரிக்குப் போனேன். எஸ்தர் உள்ளேயே இருந்துவிட்டாள். அவள் அம்மா பாய் போட்டு உட்காரச் சொன்னாள். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை.

"டீச்சர், எங்கம்மா உங்க மாதிரி ஊட்டுங்களுக்குத்தான் வேலைக்கு வந்துக்கினு இருந்தா. தெருவாசல்ல கால் வெக்கக் கூடாது. பின்சந்து வழியா மூணாங்கட்டுக்கு வந்து, மாட்டுக் கொட்டாயக் கூட்டிட்டு அப்டியே திரும்பணும். எம்பொண்ணு ஸ்கூல்லயும் அங்கதான் ஒக்காரணுமா?"

"ஐயோ, அந்த அர்த்தத்துல இல்லம்மா. எங்க அண்ணி பாசமா வெச்ச பேரு அது."

"உங்களுக்குப் பாசமாத்தான் இருக்கும். தப்புன்னு எம்பொண்ணு எதிர்ல சொல்லுங்க, நாளைக்கே அனுப்பறேன்."

சொல்ல வாய் வரவில்லை. இல்லாத உங்களை நான் எப்படி அடுத்தவர் முன்னால் குறை சொல்வேன்? பஸ் ஏறித் திரும்பி வந்துவிட்டேன்.

பரீட்சைக்குப் பெயர் அனுப்ப வெள்ளிக்கிழமை கடைசி நாள். அதற்குள் வராவிட்டால் எஸ்தர் கதை முடிந்தது. பெயரை மாற்றலாமா என்று தலைமையாசிரியையிடம் கேட்டேன். "அவங்க ஞாபகார்த்தமா இருக்குது, தொடாதீங்க" என்கிறார். அண்ணனோ வாரம் தவறாமல் வந்து அந்தப் போர்டைத் துடைத்துவிட்டுப் போகிறார். நான் எப்படி அதைக் கழற்றுவேன்? ஏற்பாட்டையே நிறுத்தலாம் என்றால், காலையில் வருகிற மற்ற நாலு பெண்களுக்கு யார் இருக்கிறார்கள்? எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டுகிறது. வீட்டிலும் நிம்மதியில்லை, பள்ளிக்கூடத்திலும் இல்லை.

ஒன்றை உங்களிடம் மட்டும்தான் சொல்ல முடியும். நீங்கள் பெயர் வைத்த அன்றே எனக்கு உறுத்தியது. நீங்கள் இந்த வீட்டுக்கு வாழ வந்தபோது மாடுகளை விற்றாகிவிட்டது. பின்சந்து வழியாக யார் வந்தார்கள், யார் எங்கே நின்றார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. இங்கேயே பிறந்து வளர்ந்தவள் நான். எனக்குத் தெரியும். நீங்கள் அவ்வளவு சந்தோஷமாக இருந்தீர்களே என்று வாயை மூடிக்கொண்டேன்.

உங்களுக்குக் கோபம் வருமா அண்ணி? இல்லை, "ஏண்டி அன்னிக்கே சொல்லல?" என்று கேட்பீர்களா?

நாளைக்கு லீவு போட்டுவிட்டுத் தென்னேரிக்குப் போகிறேன். எஸ்தரைக் கூப்பிட்டு அவள் முகத்தைப் பார்த்துச் சொல்வேன்: அந்தப் பெயர் தப்பு, வைத்தவர் தெரியாமல் வைத்தார், நான் தெரிந்தே சும்மா இருந்தேன். அவள் வந்தாலும் வராவிட்டாலும் போர்டைக் கழற்றுவேன். அண்ணன் என்னோடு பேச்சை நிறுத்தினாலும் சரி. இத்தனை வருஷத்தில் யார் முன்னாலும் உங்களை நான் விட்டுக்கொடுத்ததில்லை. நாளைக்கு விட்டுக்கொடுக்கப் போகிறேன், அண்ணி.

உங்கள் நாத்தனார்,
மங்கை
காஞ்சிபுரம்