ஜெபாவிடம் நான் சொல்லாமல் விட்ட பாதி

கொட்டாரம்
ஞாயிறு, மத்தியானம்

அன்பு மகள் ஆதிராவுக்கு அம்மை எழுதுவது. அங்கே குளிரில் நீ காய்ச்சல் தடுமன் எதுவும் இல்லாமல் இருக்கிறாய் என்று மனதில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன், இங்கே நானும் அப்பாவும் எழுந்து நடமாடுகிறோம், அதற்குமேல் சுகம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். அப்பாவுக்கு முட்டுவலி பழையபடிதான், தினமும் நடக்கச் சொன்னார் டாக்டர் என்று டீக்கடை வரைக்கும் நடக்கிறார், நடந்த அலுப்புக்கு அங்கே இரண்டு வடை தின்றுவிட்டு ஆட்டோவில் திரும்பி வருகிறார். எனக்கு நோய் என்று ஒன்றும் இல்லை, அலுப்பு மட்டும்தான், காலையில் எழும்பும்போதே சாயங்காலம் ஆனது மாதிரி இருக்கிறது. மழையும் விட்டபாடில்லை, நட்ட வயலெல்லாம் முங்கிக் கிடக்கிறது. இதையெல்லாம் போனில் சொல்லாமல் எதற்குத் தாளில் எழுதிப் போட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறாள் என்று நினைப்பாய். போனில் என்றால் நான் நடுவில் பேச்சை மாற்றி, சாப்பிட்டியா, என்ன கறி என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன் ஆதிரா மக்களே, மூன்று ஞாயிற்றுக்கிழமையாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

நம் ஜெபகுமாரிக்கு உடம்பு சரியில்லை. இருபத்திரண்டு வருஷம் நான் சத்துணவு அமைப்பாளராக இருந்த பள்ளிக்கூடத்தில் அவள்தானே சமையல், நீ எல்.கே.ஜி. விட்டு வந்து அவள் அடுப்படியில் அரிசிச் சாக்கின்மேல் படுத்துத் தூங்கியிருக்கிறாய், முட்டையில் மஞ்சள் கரு வேண்டாம் என்று அழுதால் அதை அவள் தின்றுவிட்டு வெள்ளையை மட்டும் உனக்குத் தருவாள். நான் ரிட்டயர் ஆகியும் அவளுக்கு நான் டீச்சர்தான். பருப்பில் எப்போது உப்புப் போடவேண்டும் என்பதிலிருந்து மகள் ஜெப்சிக்கு எந்த மாப்பிள்ளை என்பது வரைக்கும் என்னிடம் கேட்காமல் அவள் எதையும் செய்ததில்லை. அது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, ஏன் மறைக்கவேண்டும்.

ஆனி மாதம் அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். எப்போதும் தளர்ச்சி, வெளிக்குப் போகும்போது ரத்தம். குழாய் விட்டுப் பார்த்த டாக்டர் பெருங்குடலில் சின்னதாக ஒரு வளர்ச்சி இருக்கிறது, இப்போதே எடுத்துவிட்டால் நல்லது, விட்டால் பின்னால் புற்றாகப் போகலாம் என்று சொல்லி ஒரு சனிக்கிழமைக்கு வரச் சொன்னார். அந்த வாரம்தான் நீ உன் ஆராய்ச்சியைப் பற்றிப் போனில் அவ்வளவு நேரம் சொன்னாய், நினைவிருக்கிறதா. நீ இருக்கிற ஊர்க் காட்டில் காய்க்கும் கருநீலப் பழத்துக்கு அந்த நிறத்தைக் கொடுக்கிற சத்து இரைப்பையிலும் சிறுகுடலிலும் முழுதாகச் செரிக்காமல் பெருங்குடல் வரைக்கும் போகிறது, அங்கே இருக்கிற நுண்ணுயிர்கள் அதை உடைத்து வேறொன்றாக மாற்றுகின்றன, அதைத் தின்ற எலிகளுக்குக் குடல் வீக்கம் குறைந்தது, கட்டியும் குறைவாகத்தான் வந்தது என்றாய். நம் ஊர் நாவல்பழத்தில் இருப்பதும் அந்த வகை நிறச்சத்துதான் என்றும் சொன்னாய். அதோடு நீ நிறுத்தவில்லை. அம்மா, இது எலிக்கு, மனுஷனுக்கு இப்படி ஆகும்னு இன்னும் யாரும் உறுதியாச் சொல்லல்ல, இருக்கிற கட்டியப் பழம் கரைக்கும்னு யாருகிட்டயும் போய்ச் சொல்லிராதிங்க என்றும் சொன்னாய். கேட்டேன், நன்றாகவே கேட்டேன்.

மறுநாள் ஜெபா வந்து, சனிக்கிழம போணுமா டீச்சர், பயமா இருக்கு என்றாள். நான் போகவேண்டாம் என்று சொல்லவில்லை ஆதிரா. கேட்கிறவர்களிடமெல்லாம் நான் இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன், போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை என்று. போ என்றும் நான் சொல்லவில்லையே. என் மகள் வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்கிறாள், நாவல்பழத்தில் குடலுக்கு மருந்து இருக்கிறதாம், அவள் எலிகளுக்குக் கொடுத்துக் கட்டியே குறைந்திருக்கிறது என்றுதான் சொன்னேன். உன் பெயரைச் சொல்லும்போது எனக்கு வாய் நிற்காது. அந்தப் பெருமையில் உன் பேச்சின் பாதியைச் சொன்னேன், மறு பாதியை விட்டுவிட்டேன். அவள் முகம் அப்படித் தெளிந்தது, அதைப் பார்த்ததும் சொல்ல மனமும் வரவில்லை. சனிக்கிழமை அவள் போகவில்லை. அவள் வீட்டுக் கிணற்றடி நாவல் இந்த வருஷம் பார்த்து அப்படிக் காய்த்தது, தின்றது போக மிச்சத்தைக் காயவைத்து, பொடித்து, ஹார்லிக்ஸ் பாட்டிலில் அடைத்து வைத்துக்கொண்டாள். ஆடியில் ஒருநாள், வெளிக்குக் கறுப்பாப் போவுது டீச்சர் என்றாள். பழத்துக்க நெறமாத்தான் இருக்கும்டி என்று சொன்னேன். இதை எழுதக் கை வரவில்லை, எழுதித்தான் ஆகவேண்டும். அது பழத்தின் நிறம் மட்டும் இல்லை.

போன மாதம் சர்ச்சில் அசனம். அவர்கள் சர்ச்சில் ஊர் கூடிச் சாப்பிடும் அந்த விருந்துக்கு எப்போதும் சோறு பொங்கும் பெரிய வார்ப்புப் பாத்திரம் ஜெபாவின் பொறுப்புதான். கஞ்சி வடிக்கப் போன இடத்தில் அப்படியே சரிந்துவிட்டாள், கொதிக்கிற வார்ப்புக்குள் விழாமல் பக்கத்தில் நின்றவர்கள் பிடித்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் ரத்தத்தின் அளவு ஆறு பாயிண்ட்தான் இருக்கிறது என்று இரண்டு பாட்டில் ஏற்றினார்கள். திரும்பக் குழாய் விட்டுப் பார்த்து, சதை எடுத்துச் சோதித்து, புற்றுதான் என்று சொல்லிவிட்டார்கள். ஸ்கேனில் வேறு எங்கும் பரவியதாகத் தெரியவில்லை, குடலின் அந்தத் துண்டை வெட்டி எடுத்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது, இனியும் தள்ளிப்போடக் கூடாது என்கிறார் டாக்டர். வருகிற செவ்வாய்க்கிழமை படுக்கையில் சேரவேண்டும், வியாழன் ஆபரேஷன். இவள் மாட்டேன் என்கிறாள். பாட்டிலில் பொடி இருக்கிறதாம், ஆதிரா மக்கா சொன்னது தப்பாதாம்.

போன புதன்கிழமை ஜெப்சி வந்து அழுதாள். நீங்க சொன்னாத்தான் டீச்சர் அம்மா கேப்பா என்றாள். வியாழக்கிழமை போனேன். வழி முழுக்க மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன், நான்தான் தப்பாகச் சொன்னேன் ஜெபா, பழத்தை விட்டுவிட்டு ஆபரேஷனுக்குப் போ என்று. போனதும் எழும்பி வந்து சாயா போட்டுத் தந்தாள், பாத்திரத்தை இரண்டு கையாலும் பிடித்துத்தான் தூக்கினாள். கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே சொன்னாள். வயித்துல கொஞ்ச மாசம் பை வைக்கவேண்டி வரலாம்னு டாக்டர் சொல்லுகாரு டீச்சர், பையும் தூக்கிக்கிட்டு நிக்கவளுக்க கையால யாரு சோறு வாங்கித் திம்பா, அசனத்துக்கு என்னய அடுப்புப் பக்கம் விடுவாவளா என்று. அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அவள் பழத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது நம்பிக்கையால் மட்டும் இல்லை, வயிற்றின் வழியே மலம் வந்து சேரும் அந்தப் பையைப் பற்றிய பயத்தால். பிடித்துக்கொள்ள அதை நான்தானே கையில் கொடுத்தேன். சொல்ல வந்ததை அப்போதாவது சொல்லியிருக்கலாம். சாயாவைக் குடித்தேன், மழையைப் பற்றிப் பேசினேன், அப்பாவின் சுகருக்கு என்று அவள் தந்த நாவல்கொட்டைப் பொடியையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பாட்டில் இதோ மேஜைமேல் இருக்கிறது, அதைப் பார்த்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

இன்றைக்கு சாயங்காலம் நான் திரும்பப் போகிறேன், இந்தமுறை சாயா குடிக்கும் முன்னாலேயே சொல்லிவிடுவேன் என்று நம் தெய்வம் அய்யாவை நினைத்து முடிவு செய்திருக்கிறேன். ஆனால் நான் சொன்னால், டீச்சர் என்மேல் உள்ள பாசத்தில் பயப்படுகிறாள் என்று எண்ணிக்கொள்வாள். உன் வாயால் கேட்டால்தான் நம்புவாள். அதனால் நாளைக்கே ஜெப்சி நம்பருக்கு வீடியோவில் கூப்பிடு, பழம் நல்ல உணவுதான், மருந்து இல்லை, வந்த கட்டியைக் கரைக்காது என்று நீ அன்றைக்கு என்னிடம் சொன்ன மறு பாதியைச் சொல். பிறகு எதுக்கு டீச்சர் அப்படிச் சொன்னா என்று கேட்பாள். என்னைக் காப்பாற்றப் பார்க்காதே மக்களே. அம்மை பெருமையில் பாதியை முழுங்கிவிட்டாள் என்றே சொல். உன் ஆராய்ச்சிமேல் எனக்குக் கோபம் இல்லை, பழத்தின்மேலும் இல்லை. எனக்கு என்னைச் சுமந்துகொண்டு நடக்கத்தான் முடியவில்லை.

குளிரில் தலைக்குத் துணி கட்டாமல் வெளியே போகாதே, ராத்திரி வெறும் பிரட்டைத் தின்றுவிட்டுப் படுக்காதே. நீ அனுப்பிய அந்தக் கருநீல உலர்பழத்தை அப்பா கிஸ்மிஸ் திராட்சை என்று நினைத்துப் பாயசத்தில் போட்டார், பாயசம் சிலேட்டு நிறத்தில் இருந்தது, ஆனாலும் மிச்சம் வைக்கவில்லை. அய்யா உன்கூட இருக்கட்டும், உன் படிப்பும் வேலையும் நாலு பேருக்கு உதவட்டும்.

ஒன்றை மறந்துவிடாதே. தை மாதம் லீவில் வரும்போது உனக்கு உள்ளித்தீயல் குழம்பு வேண்டும் என்று வழக்கமாக என்னிடம் சொல்லுவாய். இந்தத் தடவை அதை என்னிடம் சொல்லவேண்டாம், ஜெபாவிடம் சொல். பை இருந்தாலும் உங்க கையாலதான் வேணும் என்று சொல், அவள் சரி என்று சொல்லும்வரைக்கும் போனை வைக்காதே.

உன் அம்மை,
சொர்ணம்மாள்