மார்கரெட் அம்மாவின் மோதிரம்

அன்புள்ள அப்பாவுக்கு,

முட்டிவலி தேவலையா? அம்மா மாத்திரையைச் சரியாப் போடுறாங்களா? எனக்கு இங்கிலாந்துக் குளிர் பழகிருச்சு.

போன வாரம் சின்ன விஷயம் ஒண்ணு, பதறாதீங்க. நான் வேலை பாக்குற முதியோர் இல்லத்துல மார்கரெட் அம்மாவோட கல்யாண மோதிரத்தைக் காணோம். அன்னைக்கு அவங்க அறைக்குப் போனது நான் மட்டுந்தான். "போலீசுக்குச் சொல்லட்டுமா?"ன்னு மேனேஜர் என்னையே பாத்தாங்க.

அப்பத்தான் நீங்க இலுப்பூர்ல வாங்கிட்டு வர்ற துப்பறியும் நாவல் ஞாபகம் வந்துச்சு. அதுல துப்பறியுற டீச்சரம்மா, யார் எடுத்தாங்கன்னு கேக்க மாட்டாங்க. கடைசியா எப்பப் பாத்தீங்கன்னுதான் கேப்பாங்க. நானும் அப்படியே கேட்டேன்.

"சோப்புப் போட்டுக் கை கழுவுறப்ப இருந்துச்சு. அப்புறம் தோட்டத்துக்குப் போனேன்"னாங்க மார்கரெட் அம்மா.

சோப்பு வழவழப்புல கையுறையோட சேந்து கழண்டிருக்கும்னு தோணுச்சு. ஓடிப்போய் அவங்க கம்பளிக் கையுறையை உதறினேன். மோதிரம் விழுந்துச்சு! மேனேஜர் எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேட்டாங்க.

அந்த மாதிரி நாவல் நாலு அனுப்புங்கப்பா. யாரு குற்றவாளின்னு நீங்க நெனைக்கிறதை ஓரத்துல எழுதி அனுப்புங்க. படிக்கையில நீங்க கூட உக்காந்து பேசுற மாதிரி இருக்கும்.

பஸ் வந்துருச்சு, போறேன். இத்தனை மாசமா "நர்ஸ்"னு கூப்பிட்ட மார்கரெட் அம்மா, இன்னைக்கு "இனியா"ன்னு கூப்பிட்டாங்கப்பா.

ஒங்க மக,
இனியா